பதினாறு நிறங்களும் ஒரு வெறுங்கையும்

சுனையடி என்ற ஊரில் பொருள்களுக்கு நிறம் ஏறியது ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்று பத்துக்கு. நேரத்தை இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், தேநீர்க்கடை வைத்திருந்த அருணாசலவடிவு சரியாக அந்த நிமிடத்தில், எதிர்க்கடை மைத்துனரிடம் நான்கு ஆண்டுகளுக்கு முன் இரவல் வாங்கித் திருப்பித் தராத சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக் கையை உயர்த்தினார் என்பதும், கடிகாரம் தன் விளிம்பெல்லாம் ஒரு நிறம் ஒளிர, அவருடைய கட்டைவிரல் நகத்தில் வேறொரு நிறம் ஒளிர, சாவியை வாங்க மறுத்து அப்படியே நின்றுபோயிற்று என்பதும்தான்.

அருணாசலவடிவு நகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சான், ஒம்ம கடியாரம் ஒம்மத் தேடுதுவே!"

"நாலு வருசம் கழிச்சு அதுக்காவது தோணிச்சே," என்றார் எதிர்க்கடைக்காரர், பருப்பு நிறுத்துக்கொண்டே.

அன்று உச்சிவேளைக்குள் ஊர் முழுதும் தெருவில் இருந்தது. தலைக்குமேல் ஏணிகளைத் தூக்கிக்கொண்டும், இடுப்பில் இட்லிக் கொப்பரைகளை வைத்துக்கொண்டும், குடைகளையும் இறைச்சிக் கத்திகளையும் முகூர்த்தத்துக்கு வாங்கிப் போன ஜமுக்காளங்களையும் சுமந்துகொண்டும், ஒருவர் வீட்டை நோக்கி ஒருவர் நடந்து, பாதி வழியில் எதிர்ப்பட்டு, அங்கேயே மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். யாரும் வியக்கவில்லை. பொருளுக்குத் தன்னை உடையவர் யாரென்று தெரியும் என்பதில் வியக்க என்ன இருக்கிறது. அது இத்தனை காலம் வாயைத் திறக்காமல் பொறுத்திருந்ததுதான் வியப்பு என்று பேசிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

அதே பதினொன்று பத்துக்கு, ஊரின் கீழ்க்கோடியில், அரிசி ஆலையாக இருந்து கணினி நிறுவனமாக மாறிய கட்டடத்தின் மாடியில், ஞானசுந்தரி ஒரு புதிய மின்சுற்றுப் பலகைக்கு மின்சாரம் கொடுத்தாள். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பின்னாளில் கேட்டவர்களுக்கு, ஆலையின் உமி மணம் கடைசிவரை அந்தச் சுவர்களை விட்டுப் போகவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஊரார் சொன்னார்கள்.

ஞானசுந்தரிக்கு நாற்பத்தாறு வயது. பிறர் எழுதிய கணினி நிரல்களில் குற்றம் காண்பது அவள் தொழில். அதைக் கோபமில்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் செய்வது அவள் இயல்பு. பத்தொன்பது ஆண்டுகளில் நிறுவனம் அவளை ஏழு ஊர்களுக்கு மாற்றியிருந்தது. எந்த ஊரிலும் இரண்டு பெட்டிகளுக்கு மேல் அவள் சேர்த்ததில்லை. பெற்றோர் இருந்த வீடு கைமாறி, அதை வாங்கியவர் இடித்துக் கட்டி, அவரும் விற்றுப் போயிருந்தார். ஓர் ஊரைவிட்டுப் புறப்படும்போது அவளைத் தடுத்து நிறுத்த அந்த ஊரில் எதுவும் இருந்ததில்லை என்பதை, பிறர் பிழையைக் குறித்து வைக்கும் அதே தெளிவோடு அவள் அறிந்திருந்தாள். ஒரே ஓர் ஊரிலாவது அப்படி ஏதேனும் இருக்க வேண்டும் என்ற ஆசையையும் அறிந்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

சுனையடிக்கு அவள் வந்தது ஒரே ஒரு சோதனைக்காக. டீபக்கர் என்று பொறியாளர்கள் வழங்கும் கருவி ஒன்று உண்டு; ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவுவது. புதிய வகைக் கணினிச் சில்லுகளில் நினைவகத்தின் ஒவ்வொரு சிற்றறைக்கும் பதினாறு நிறங்களில் ஒன்றைச் சில்லே பூசிவைக்கிறது. நிரலின் கையாக அறையைத் தேடி வரும் சுட்டியும் அதே நிறத்தை ஏந்தி வர வேண்டும். பொருந்தினால் அறை திறக்கும்; பொருந்தாவிட்டால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓர் அறையை விட்டுக்கொடுத்த பின்னும் பழைய உரிமையில் கையை விடுவதால் விளையும் விபரீதங்கள் பல என்பதால் இந்த ஏற்பாடு. டீபக்கர் அந்த நிறங்களைச் சரியாகக் காண்கிறதா, காணும்போது எதையும் கலைக்காமல் காண்கிறதா என்று பார்ப்பதே அவள் வேலை.

பதினொரு மாதங்களாகச் சோதனைத் தாள் பச்சையாகவே, அதாவது வெற்றி என்றே, வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் அவள் கையொப்பமிட்டாள். புதிய பலகை வருவதற்கு முந்தைய நாள், காத்திருந்த நேரத்தில் சோதனையின் முதல் வரியைப் படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'இந்தப் பலகைக்கு நிறம் காணும் சக்தி உண்டா?' என்று கேட்டது அந்த வரி. இல்லையென்றால் சோதனை தன்னைத் தானே தாண்டிக்கொண்டு மரியாதையாக வெளியேறிவிடும்; எண்ணிக்கை போடும் எந்திரம் அந்த வெளியேற்றத்தையும் வெற்றி என்றே குறித்துக்கொள்ளும். அதுவரை இருந்த பழைய பலகைகளில் எதற்கும் நிறம் காணும் சக்தி கிடையாது.

அன்றே அவள் தலைமையகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். டீபக்கரை எழுதியவரும், பக்கத்து மேசைக்காரரும், எந்நேரமும் பொரிகடலை கொறிப்பவருமான பாண்டித்துரை எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எதுக்கு மேடம் எழுதுறிய? பச்சதான வந்துச்சு?"

"நடக்காத பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கியிருக்கோம், பாண்டித்துரை. அத மறைச்சு வைக்கவா சொல்றீங்க?"

"மறைக்கச் சொல்லல. இம்புட்டு நல்ல கையெழுத்துல எழுத வேண்டாமேன்னுதான்."

மறுநாள் பலகை வந்தது. சோதனை முதன்முறையாக உண்மையில் ஓடியது. ஊரிலும் நிறம் ஏறியது.

நிறங்களுக்குப் பெயர் வைத்தவர் ஜவுளிக்கடை உமையொருபாகம். ஆலைப் பொறியாளர்கள் சுழி முதல் பதினைந்து வரை எண்ணிட்டிருந்ததைக் கேள்விப்பட்டு, எண்ணைச் சொல்லி எந்தப் பெண்பிள்ளை சேலை எடுப்பாள் என்று சினந்து, தாமே வீதி வீதியாக நடந்து பார்த்து, அரக்கு, மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயத்தோல், காப்பிக்கொட்டை என்று பதினைந்துக்குப் பெயர் சொல்லிவிட்டார். பதினாறாவதற்கு அவருக்கே சொல் கிடைக்கவில்லை. மூன்று நாள் அது பெயரில்லாமல் திரிந்தது. கடைசியில் ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள், அது மழைக்கு முந்தின வானம் என்று தீர்த்துவைத்தார்கள்.

ஒரு பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஒரு முறையும் தானாக உருவாயிற்று. பொருளிலிருந்து கையை எடுத்துவிட்டு, 'விட்டேன்' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மனம் உடன்பட்டால் பொருள் நிறம் மாறும். வாங்குபவர் நகத்தோடு பொருந்தும். கொடுத்தவர் கைக்கு அது பிறகு அசையாது. மனம் உடன்படாவிட்டால் முப்பது முறை சொன்னாலும் மாறாது. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்த ஒரு வீட்டில், மூத்தவர் ஆட்டுரலைப் பார்த்து விட்டேன் விட்டேன் என்று பொழுது சாயும்வரை கத்தியும் அது அரக்காகவே இருக்க, சுற்றி நின்றவர்கள், "வாயால விட்டது போதும் அண்ணாச்சி, கொஞ்சம் உள்ளயும் சொல்லுங்க," என்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்த நொடியில் ஆட்டுரல் மாறியது.

கல்யாண மண்டப வாசலில் செருப்பு தொலைவது நின்றது. பதினாறே நிறங்கள் என்பதால், சம்பந்தமில்லாத கையும் சில வேளைகளில் பொருந்தத்தான் செய்தது. தபால்காரர் சுடலைமணியின் நகம் தலைமையாசிரியர் வீட்டு அலமாரிக்குப் பொருந்தியது எல்லோரும் அறிந்த செய்தி. இதை ஊர் குறையாக எண்ணவில்லை. அப்படிப் பொருந்தியவர்களை நிறத்துச் சொந்தம் என்று அழைத்து, விசேஷங்களுக்கு முதல் பத்திரிகை வைத்தது. தலைமையாசிரியர் அலமாரியைப் பூட்டுவதை நிறுத்தினார். சுடலைமணி அதைத் திறந்ததே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் நன்றியோடு நினைத்துக்கொண்டார்கள்.

ஞானசுந்தரியின் கையைக் கண்டுபிடித்தவள் அவள் குடியிருந்த வீட்டுக்காரி இசக்கியம்மாள். மகள் விட்டுப்போன ஊறுகாய் ஜாடி ஐந்து நாளாகத் திறக்காமல் கிடந்தது.

"மேடம், இத ஒரு கை பாருங்க. எம் மருமகன் நாக்கு மாதிரி, என்ன செஞ்சாலும் எனக்கு மசிய மாட்டேங்கு."

ஞானசுந்தரி மூடியைத் தொட்டாள். திறந்துகொண்டது. அவள் நகத்தில் எந்த நிறமும் எழவில்லை. அரிசிப் பானையைத் தொட்டாள், திறந்தது. அடுத்த வீட்டுக் கதவு, கூட்டுறவுப் பால் பண்ணையின் கேன், கோயில் சுற்றுமதிலின் சின்னக் கதவு எல்லாம் திறந்தன. பதினாறு நிறங்களில் ஒன்றும் ஒட்டாத, எல்லாவற்றையும் திறக்கும் வெறுங்கை ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. டீபக்கரும் அப்படித்தான் என்பது அவளுக்குத் தெரியும். நிரல்களைத் தடுக்கும் நிறம் அதைத் தடுக்காது. டீபக்கர் உள்ளேயிருந்து வருவதன்று, வெளியேயிருந்து பார்ப்பது.

அன்று முதல் அவளை எல்லாத் தெருவும் கூப்பிட்டது. அவள் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள்: திறப்பாள், இரண்டு நிறங்களையும் உரக்கச் சொல்வாள், 'பார்த்தேன், மாற்றவில்லை' என்று முடிப்பாள். எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டாள்.

மேலத்தெருச் சொர்ணத்தாயின் கணவர் இறந்து எட்டு மாதம். அவருடைய இரும்புப் பெட்டிக்குள் மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பள்ளியில் சேர்க்கக் கேட்டார்கள். பெட்டி சொர்ணத்தாய்க்குத் திறக்கவில்லை. ஞானசுந்தரி போய்த் திறந்தாள்.

"பெட்டி மாந்துளிர். உங்க நகம் அரக்கு. பார்த்தேன், மாத்தல."

மகள் கையை நீட்டியதும் சான்றிதழ் தானாகவே அவள் நிறத்தில் மிதந்து வந்தது. சொர்ணத்தாய் அதைக் கவனிக்கவில்லை.

"அவுக எனக்கு ஏன் மேடம் விடல? எம்மேல என்ன கோவம்?"

"கோவமில்லம்மா. விட்டேன்னு சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கல. நிறம் வேறயா இருக்குன்னுதான் பெட்டி சொல்லுது. காரணம் அதுக்குத் தெரியாது."

சொர்ணத்தாய் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "அப்ப சரி," என்றாள். எட்டு மாதத்தில் முதன்முறையாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கை கருவேப்பிலை கேட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிய ஞானசுந்தரி பாண்டித்துரையை அழைத்தாள். நிறம் பொருந்தாத இடத்தில் நிரல் நிற்கும்போது, அவருடைய டீபக்கர் 'நின்றது' என்ற ஒரே சொல்லை மட்டும் திரையில் காட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுதியதில் அவள் கண்ட ஒரே குறை அதுதான்.

"சொர்ணத்தாய் கிட்ட 'நின்னுபோச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்திருந்தா அந்தம்மா ஆயுசுக்கும் அழுதுட்டு இருந்திருப்பாங்க. எந்த நிறம் வேணும், எந்த நிறம் வந்தது, எந்த இடத்துல. மூணையும் சொல்லணும்."

"மெசினுக்குமா ஆறுதல் சொல்லணும்?" என்றார் அவர், கடலையை வாயில் போட்டபடி. ஆனால் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தார். அவள் வேண்டுமென்றே தவறான நிறத்தோடு ஒரு சுட்டியை அனுப்பினாள், நிரல் நின்றது, டீபக்கர் மூன்றையும் சொன்னது, சொன்ன பிறகு பார்த்தால் ஓர் அறையின் நிறமும் கலைந்திருக்கவில்லை. தாளில் பச்சை விழுந்தது. இம்முறை அவள் கையொப்பமிடும்போது பேனா தயங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் இசக்கியம்மாளின் தம்பி வீட்டுக் கல்யாணம். விருந்து முடிந்து வாசலுக்கு வந்த ஞானசுந்தரி, அறுநூறு செருப்புகளுக்கு நடுவில் நின்றாள். மற்றவர்கள் காலை நீட்டினால் அவரவர் செருப்பு மட்டும் நகர்ந்து வந்தது. அவள் காலை நீட்டினாள், அறுநூறும் நகர்ந்தன.

"மேடத்துக்கு யோகம்!" என்று சிரித்தார்கள் பெண்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குத் தெளிவாக விளங்கியது. எல்லாம் திறக்கும் கை எதிலும் வெற்றி பெறவில்லை. அந்தக் கையைப் பொறுத்தவரை சோதனை நடக்கவேயில்லை.

அவள் முகத்தைப் படித்தவர் துணிக்கு நிறம் பார்க்கத் தெரிந்த மனிதர். மறுநாள் உமையொருபாகம் பதினாறு துண்டுத் துணிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலை மாடிக்கு ஏறிவந்தார்.

"ஒங்க மெசின்ல நிறத்தப் பாக்குறதோட, எழுதவும் ஒரு வழி இருக்காம்லா? பாண்டித்தொர சொன்னாரு. இதுல ஒண்ண எடுங்க. ஒங்களுக்கு மயில்கழுத்து எடுப்பா இருக்கும்."

வழி இருந்தது. அதையும் அவளே சோதித்திருந்தாள். விரலால் ஒரு வரி தட்டினால் போதும். துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அண்ணாச்சி, பரீட்சை வைக்கிறவ தானே விடையையும் எழுதிக்கக் கூடாது. அப்படி வர்ற நிறம் நிறமில்ல."

"கறாரான பொம்பளைதான்," என்றார் அவர். கோபமில்லை. படியிறங்கும்போது யாரிடமோ பேசுவதுபோல், "அப்ப மத்தவங்கதான் எழுதணும்," என்றும் சொன்னார். அவள் காதில் அது விழவில்லை.

ஆடி பிறந்ததும் தலைமையகக் கடிதம் வந்தது. பதினொரு மாதத் தவறைத் தானே முன்வந்து எழுதியதற்கு நன்றி என்றும், சோதனை செம்மையாக முடிந்தது என்றும், சென்னையில் அடுத்த வேலை காத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். பலகையைப் பாண்டித்துரை முதலில் வேனில் கொண்டுபோனார். அது ஊர் எல்லையைத் தாண்டும்வரை எல்லோரும் தத்தம் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறங்கள் போகவில்லை. உமியின் வேலைதான் என்று தீர்மானித்து வீட்டுக்குள் போனார்கள்.

ஞாயிறு மாலை நான்கரைக்குச் சென்னைப் பேருந்து. இரண்டு பெட்டிகளோடு ஞானசுந்தரி நிறுத்தத்துக்கு வந்தபோது, ஊர் அங்கே நின்றிருந்தது. அருணாசலவடிவு தேநீர் கொண்டுவந்திருந்தார். சொர்ணத்தாய் மகளை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். யாரும் எதையும் பரிசாக நீட்டாததை ஞானசுந்தரி கவனித்து, அதுவும் நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டாள். இதுவரை ஆறு ஊர்களில் இப்படி ஏறியிருக்கிறாள். எந்தக் கதவும் தயங்கியதில்லை. எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொன்னாள். அவள் உள்ளபடியே நன்றியோடுதான் இருந்தாள்.

பேருந்து வந்து நின்றது. நான்கு பேர் கதவைத் திறந்து ஏறினார்கள்; அவர்களுக்குப் பின்னால் அது சாத்திக்கொண்டது. அவள் கைப்பிடியைப் பற்றினாள்.

கதவு அசையவில்லை.

கைப்பிடியின் விளிம்பில் காப்பிக்கொட்டை நிறம் எழுந்தது. அவள் மறுபடி இழுத்தாள். நகத்தில் ஏதோ குறுகுறுத்தது. திருப்பிப் பார்த்தாள். மெல்ல, முதலில் ஓரத்திலும் பிறகு நடுவிலும், மழைக்கு முந்தின வானம் அவள் கட்டைவிரல் நகத்தில் பரவிக்கொண்டிருந்தது.

"ஏறுங்கம்மா, நேரமாச்சு," என்றார் நடத்துநர். உள்ளிருந்து அவரே தள்ளிப் பார்த்தார். "டிக்கெட் எடுத்த எல்லாருக்கும் தொறக்குது, ஒங்களுக்கு மட்டும் என்னத்துக்கு மல்லுக்கு நிக்குது?"

ஞானசுந்தரி கையை எடுக்காமல் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் தரையைப் பார்த்தது.

"யாராவது ஏதாவது சொன்னீங்களா?" தன் தொழிலுக்குரிய குரலில் கேட்டாள்.

இசக்கியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "வேற ஒண்ணுமில்ல. காலையில தெருக்கொழாயில நின்னோம். வரிசையில மொதலாவதும் மூணாவதுமா எனக்கு ரெண்டு மொற தண்ணி புடிக்க உரிம இருக்கு. மூணாவதா வர்றத ஒனக்குன்னு விட்டுட்டேன்."

'மேடம்' போய் 'ஒனக்கு' வந்துவிட்டதை ஞானசுந்தரி கவனித்தாள்.

"முருங்கையில தெக்குக் கெளை," என்றாள் சொர்ணத்தாய். "எங்க வீட்டுக்காரரு எனக்குன்னு வச்ச மரம். விட்டேன்னு மூணு தடவ சொன்னேன். மொதத் தடவையே மாறிருச்சு."

"கடையில அந்தச் சன்னலோர ஸ்டூலு," என்றார் அருணாசலவடிவு. "இனிமே வேற எவன் உக்காந்தாலும் ஆடும்."

கோயில் பந்தியில் ஓர் இலையிடம், குளத்துப் படித்துறையில் நாலாவது படி, நூலகத்துச் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை முதலில் படிக்கும் உரிமை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் சின்னவை. எதையும் பெட்டியில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாதவை. உமையொருபாகம் அந்த நகத்தின் நிறத்தைத் தேர்ந்த கண்ணால் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்.

ஞானசுந்தரி கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். ஒரு முறை கிடைத்த முடிவை அவள் எப்போதும் நம்பியதில்லை. அது மறுத்தது. மூன்றாவது முறையும் மறுத்தது. அந்த மறுப்பைப்போல் இனிய ஒன்றை நாற்பத்தாறு ஆண்டுகளில் எந்தத் திறந்த கதவும் அவளுக்குத் தந்ததில்லை. அவள் உதடுகள் அசைந்ததைப் பார்த்த நடத்துநர், அந்தம்மா என் வண்டிக் கைப்பிடிக்கு நன்றி சொன்னாங்க என்று அடுத்த ஊரில் போய்ச் சொன்னார்.

பேருந்து புறப்பட்டது. புழுதி அடங்கியது. சென்னைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்; அது நேர்மையான, தெளிவான கடிதமாக இருக்கும். அதற்கு முன்னால் அறிய வேண்டியது ஒன்று இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இசக்கியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது மொறன்னா, எனக்கு முன்னாடி வரிசையில யாரு, அக்கா?"